கருவுறும் முன்பே தொடங்கட்டும் கவனிப்பு

நாள் தள்ளிப்போன பிறகே பெண்களை மருத்துவமனைக்கு அழைத்து வருவது நம் குடும்பங்களின் வழக்கம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அப்போதுதான் ஐயுறத் தொடங்குவர். அக்குழலில் நேரும் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கவல்லது போலிக் அமிலம். அதனைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்னரேனும், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் உட்கொள்ளத் தொடங்கவேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதனைச் சரிசெய்யச் சில மாதங்கள் தேவை. சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவரலாம். ரூபெல்லா தடுப்பூசியைக் கர்ப்பகாலத்தில் போடலாகாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கவேண்டும். வேறு நோய்களுக்கு மருந்து உண்போர் அதைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

“விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்கும் உறவினர், “உடம்பைப் பரிசோதித்துக்கொண்டாயா?” என்று கேட்பதில்லை. முன்னரே மருத்துவரை நாடினால், குறை இருப்பதாக ஊர் பேசும் என்ற அச்சமும் பெண்களைத் தடுக்கிறது. கணவரும் மாமியாரும் உடன் வந்தால் அவ்வச்சம் நீங்கும். புகைப்பழக்கமுள்ள கணவர் அதனைக் கைவிடுவதும் இக்கவனிப்பின் பகுதியே.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர் மூன்று மாதங்கள் முன்னதாகவே வாருங்கள் என்று அழைக்கிறோம்.