நட்ட இடத்துக்குத் திரும்பிப் போனீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து பேருந்து நிறைய ஆட்களோடு லூமுட்டுக்குப் போனோம். ஒரு நிறுவனத்தின் ஏற்பாடு. சட்டை, தொப்பி, பசியாற நாசி லெமாக், எல்லாம் இலவசம். முழங்கால்வரை சேற்றில் இறங்கி ஆளுக்கு இருபது பாக்காவ் கன்று நட்டோம். ஆசைதீரப் படம் எடுத்தோம். மதியம் மீன்கறி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அடுத்த ஆண்டு மாசி மகத்துக்குப் பங்கோர் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், நம் கைப்பட நட்டதாயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். கன்றுக்கு முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகள் வரிசை பிசகாமல் நின்றன. கன்றுகளைத்தான் காணோம். அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவரிடம் கேட்டேன். அந்த இடம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், அங்கே கன்று நிற்காது என்பது தங்களுக்குத் தெரியும் என்றார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். எங்களை யார் கேட்டார்கள் என்றார்.

அந்தப் பதில் கொஞ்ச நாள் மனத்தில் கிடந்து உறுத்தியது. பிறகுதான் இந்த மரங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பாக்காவ் என்று நாம் பொதுவாகச் சொல்வது பல சாதி மரங்கள் சேர்ந்த குடும்பம். கடலைப் பார்த்த முன்வரிசையில் அப்பி-அப்பி, பெரெப்பாட் போன்றவை முதலில் பிடித்து நிற்கும். அவை சேற்றைக் கட்டிப் போட்ட பிறகு, பின்னால்தான் பாக்காவ் மின்யாக், பாக்காவ் குராப் எல்லாம் வரும். நாங்கள் பின்வரிசைக்காரனைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறோம். நாம் மட்டும் செய்த தவறு இல்லை இது. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரிய அளவில் கண்டல் நட்டார்கள். நீண்ட காலத்தில் பிழைத்தது பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். பொருந்தாத மரத்தைப் பொருந்தாத இடத்தில் நட்டதுதான் முக்கியக் காரணம்.

பாக்காவின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்ட குச்சியாகிவிடும். பழுத்த குச்சியைத்தான் எடுக்க வேண்டும். காம்பை ஒட்டிய வளையம் பாக்காவ் மின்யாக்கில் சிவக்கும், குராப்பில் மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பறிக்க வேண்டும். கூரான முனை கீழே போகும்படி சேற்றில் செருக வேண்டும். அவசரத்தில் தலைகீழாகச் செருகுபவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. என் இருபதில் எத்தனை தலைகீழோ!

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் நாடு முழுக்கக் கடலோரத்தில் பாக்காவும் பொருத்தமான மற்ற மரங்களும் நடும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பினாங்கின் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997-லேயே நட ஆரம்பித்துவிட்டார்கள். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வது பாக்காவ் வேரடியில்தான். காடு போனதும் வலை காலியானதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பேராக்கின் வடக்கே கோலா குலாவில் கிராமத்து மக்களே 'சஹபாட் ஹுத்தான் பாக்காவ்' என்று குழு அமைத்து நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து நட வருபவர்கள் கன்றை அவர்களிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கன்று பிழைத்தால்தான் அவர்கள் பேர் நிலைக்கும். சட்டையும் தொப்பியும் செய்யாததை இந்த ஏற்பாடு செய்கிறது.

சேறு இல்லாத மணற்கரைக்கு வேறு கணக்கு. தெலுக் பாத்திக் போன்ற கரைகளில் பாக்காவ் நட்டுப் பயனில்லை. அங்கே மண்ணைப் பிடிப்பவை வேறு செடிகள். அவற்றின் மலாய்ப் பெயர் தெரியாவிட்டாலும் தமிழ்ப் பெயர் நமக்குத் தெரியும். பெனாகா லாவுட் என்பது நம் புன்னை. மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்கும் தாப்பாக் கூடா, அடும்புக்கொடி. முள்மடலோடு நிற்கும் மெங்குவாங் லாவுட், தாழை. பள்ளியில் நெய்தல் திணைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே கூட்டம். ரூ மரம் சவுக்கு. தமிழ்நாட்டில் அது வந்தேறி, இங்கே மண்ணின் மைந்தன். நற்றிணையில் ஒரு பெண், விளையாட்டாகத் தான் மணலில் புதைத்து முளைத்த புன்னையை உடன்பிறந்தவளாகவே எண்ணுகிறாள். முளைத்த பிறகு அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

லூமுட்டுக்குச் சொந்தமாகவே ஒரு மரம் இருக்கிறது. ஷோரியா லூமுட்டென்சிஸ் என்று ஊரின் பெயரையே தாங்கிய பாலாவ் பூத்தே. பேராக்கின் கடலோரக் குன்றுகளிலும் பங்கோரிலும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அழிவின் விளிம்பில் உள்ள மரம். இந்தக் குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. காய்த்தாலும் விதை சில வாரங்களில் முளைப்புத்திறன் இழந்துவிடும். ஓய்வு கிடைக்கும்போது போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பக்கத்திலேயே ஆள் இருந்து, விழுந்த வாரமே எடுத்து நாற்றுப்பையில் போட வேண்டும். அதுவும் காட்டிலாகாவின் அனுமதியோடு.

இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஓர் அக்கா சிரித்தார். சித்தியவான் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மா வெளிக்காட்டு வேலையில் ரப்பர் நாற்றங்கால் பார்த்தவராம். விதை விழும் காலத்தில் சாக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளும் ஓடுவார்களாம். நிழல் எவ்வளவு, தண்ணீர் எப்போது, எந்தக் கன்றைக் கழிப்பது என்று அவர் பேசுவதைக் கேட்டால் நம் பட்டப்படிப்பெல்லாம் கொஞ்சம் கூசும். நம் தாத்தா பாட்டிகள் இந்த மாநிலத்தில் காட்டை வெட்டி ரப்பர் வளர்த்தவர்கள். அந்தக் கைப்பழக்கம் இன்னும் பல வீடுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நாங்கள் பத்துப் பேர்தான். ஆற்றுமுகத்தில் காட்டிலாகா காட்டிய ஒரு சிறு துண்டு. முதலில் அந்த மலாய்ப் பெரியவரைத்தான் போய்ப் பார்த்தோம். இந்த முறை எங்கே நடலாம் என்று அவர் காலால் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். பெரும்பாலும் நடுவதே இல்லை. கன்றில் சிக்கிய பிளாஸ்டிக் பை, அறுந்த வலை இவற்றை எடுப்பது, தண்டில் ஒட்டிக்கொண்டு கழுத்தை நெரிக்கும் கொட்டலசுகளைச் சுரண்டுவது, எண்ணுவது. அவ்வளவுதான் வேலை. படம் எடுக்க ஒன்றும் இருக்காது. போனமுறை எண்ணியபோது பாதிக்குமேல் இருந்தன. நண்டு கடித்தவை போக.

உங்கள் அலுவலகத்தில் அடுத்த மரம் நடும் நாளுக்கு அழைப்பு வந்தால், போன ஆண்டு நட்டதைப் பார்க்க முதலில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். மழுப்பினால் காரணம் புரிந்துவிடும்.

இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் தண்ணீர் வற்றுகிறது. பழைய காலணி, கையுறை, மழுங்கிய கத்தி மூன்றும் கொண்டுவரச் சொல்லி அக்கா நேற்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். கூர்க்கத்தி வேண்டாமாம், பட்டை கிழிந்துவிடும்.