மாடல் அங்கே, உளி இங்கே



பி.ஐ.எம். என்ற மூன்றெழுத்து சிவில் மாணவர்கள் காதில் விழாத நாளில்லை. ஒரு கட்டடத்தின் தூண், பீம், பைப் அத்தனையையும் சைட்டில் கட்டுமுன் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்க்கும் முறை அது. ஆட்டோகேடில் நாம் போடும் சுவர் வெறும் இரண்டு கோடு. இதிலோ சுவர் சுவராகவே நிற்கும்; அதன் அளவு, பொருள், செலவு எல்லாம் அதோடு ஒட்டியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. நம் சீனியர்கள் சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கக் கட்டடங்களுக்கு இந்த மாடலைப் போட்டு அனுப்புகிறார்கள். உள்ளூரில் என்ன கதை? நான் டிரெயினிங் போன சைட்டில், ஷட்டரிங் பிரித்த பிறகுதான் டிரெயினேஜ் பைப் போக வழியில்லை என்று கண்டுபிடித்தார்கள். பீமையே கொத்தினார்கள். ஸ்டிரப் வெளியே தெரிந்தது. கலவை போட்டு மூடியாயிற்று. "இதெல்லாம் சகஜம் தம்பி" என்றார் மேஸ்திரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆர்க்கிடெக்ட், ஸ்டிரக்சுரல், பிளம்பிங் என்று மூன்று டிராயிங் வந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்தான் யாருமில்லை.

சாஃப்ட்வேர் விலைதான் தடை என்கிறார்கள். சின்ன கான்ட்ராக்டருக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் டெண்டர் முறைதான் பெரிய தடை என்பது என் கட்சி. அரசு வேலைகளில் பெரும்பாலும் டிராயிங்கும் எஸ்டிமேட்டும் முடிந்த பிறகே கான்ட்ராக்டர் உள்ளே வருகிறார். குறைந்த ரேட்டுக்கு வேலை, எம் புக்கில் ஏறிய அளவுக்குப் பணம். மாடல் போட்டவனுக்குக் கூலி எந்த ஐட்டத்தில் ஏறும்? (கொத்தினால்கூட எக்ஸ்ட்ரா ஐட்டம் கேட்கலாம்!)

டெண்டரில் கேட்டால் மாடல் தானாக வரும். இங்கிலாந்து 2016-ல் மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, வியட்நாம்? 2023-ல் ஆணை போட்டு, பெரிய பொதுப்பணிகளில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலேயே நாக்பூர் மெட்ரோ, காலத்தையும் செலவையும் சேர்த்து ஐந்து பரிமாண மாடலில் வேலை நடத்தியது. மெட்ரோவுக்கு முடிந்தது ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஏன் முடியாது?

"அதெல்லாம் பி.இ. படித்தவர்களுக்கு" என்று நம்மவர்களே சொல்வதைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது. லேப் லெங்த்தும் கவரும் தெரியாமல் போட்ட மாடல் வெறும் கொலு பொம்மை. கம்பி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த டிப்ளமோக்காரன் கை அதில் பட வேண்டும். மாணவர்களுக்கு ரெவிட் இலவசம். ஃப்ரீகேட் எல்லோருக்குமே இலவசம். பொது வடிவமான ஐ.எஃப்.சி. ஃபைலை அதிலும் திறக்கலாம்.

நம் ஹாஸ்டலின் புது பிளாக்குக்கு டிராயிங் வந்திருப்பதாகக் கேள்வி. அஸ்திவாரம் தோண்டுமுன் மூன்று டிராயிங்கிலும் ஒரு காப்பி ஃபைனல் இயர் மாணவர்களுக்குத் தர வேண்டும் என்று யூனியன் பிரின்சிபாலிடம் கேட்கட்டும். மாடலை நாங்கள் போட்டுத் தருகிறோம்.