மாமன் மடியும் மறையூர் மலைப்பாதையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயிலும் விருந்தாளிகளும் ஒன்றாக வந்து இறங்கும். "கேரளான்னா குளுகுளுன்னு இருக்கும்னு நினைச்சோமே" என்று சென்னைக்காரர்கள் விசிறிக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பாக வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோடையில் வீசுகிற காய்ந்த காற்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருவதுதான். 2024 ஏப்ரலில் வானிலைத் துறை எங்கள் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. இந்த வெயிலில் இரண்டு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமா என்று கேட்டால், குழந்தைக்குத் தேவையில்லை. வந்தவர்களுக்குத்தான் தேவை.

மகள் வீட்டுப் பேரன் எங்களோடு வளர்கிறான். மகன் சென்னையில். போன வருஷம் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினோம். கொங்கு வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். மகன்தான் தாய்மாமன்; சீர் செய்தான், மடி கொடுத்தான். ஆனால் அந்த உரிமை சம்பிரதாயம் கொடுத்தது, பேரன் கொடுத்ததில்லை. இந்த வருஷம் மாமன் வாசலில் கால் வைத்ததும் பயல் என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டான். வேற்றுமுகம். கூடத்தில் உட்கார்ந்து "மாமாகிட்ட வாடா தங்கம்" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தால் அது தெளியாது. ஆளாளுக்குக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பது நிற்க வேண்டும். மாமனும் மருமகனும் சேர்ந்து வேறு எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டும்.

முதலில் மலம்புழா. எப்போதுமே முதலில் மலம்புழாதான். அந்த அணையைக் கட்டியது சென்னை அரசாங்கம். 1949-இல் தொடங்கி 1955-இல் திறந்தார்கள். மறு வருஷம் நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது மலபாரோடு சேர்ந்து அணையும் கேரளத்துக்குப் போனது. என் வீட்டுக்காரர் இதை எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்து போனால்தான் அங்கே குழந்தையைத் தரையில் விடலாம். தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யட்சி உட்கார்ந்திருக்கிறாள். முப்பது அடி உயரம், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. என் மருமகள் தன் எட்டு வயது மகளை அவசரமாக ரோப்வே பக்கம் திருப்பினாள். பேரன் மட்டும் கழுத்து வலிக்க நிமிர்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பா குளிக்கப் போகுது" என்றான். துணியில்லாமல் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். "எண்ணெய் தேய்ச்சாச்சாமா?" என்று மாமன் கேட்டான். பயல் திரும்பி மாமனைப் பார்த்தான். அழவில்லை.

பறம்பிக்குளம் போகலாம் என்றாள் மருமகள். பாலக்காடு மாவட்டத்துக் காடுதான். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் நுழைய வேண்டும். அங்கே இருக்கிற கன்னிமாரா என்னும் பெரிய தேக்கு மரத்தைப் பார்க்க எனக்கும் ஆசை. இருந்தாலும் வனத்துறை வண்டியில் இறங்கவிடாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க இரண்டு வயதுக்கு முடியாது. வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதில் மூணாறு. இங்கிருந்து அங்கே போகவும் நாங்கள் பிடிப்பது தமிழ்நாட்டு வழிதான்: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர். விடியுமுன் கிளம்பினால் பயல் உடுமலை வரை தூங்கிவிடுவான். தூக்கில் ரசஞ்சாதம், பிளாஸ்கில் வெந்நீர், மாற்றுத் துணி இரண்டு பங்கு. வழியில் ஒதுங்கி அமராவதி முதலைப் பண்ணை. சிமென்ட் தொட்டியோரம் முதலைகள் விறகுக் கட்டை மாதிரி கிடந்தன. ஒன்று மட்டும் வாயைப் பிளந்தபடி அசையாமல் இருந்தது. சூடு தணிய அப்படித் திறந்து வைத்திருக்குமாம். பேரனும் வாயைப் பிளந்தான். மூடவே இல்லை. எதிரே மாமனும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முப்பத்தைந்து வயது ஆள்.

சின்னாறு தாண்டி மலையேறும்போது, வளைவு ஒன்றில், பேரன் அத்தனை ரசஞ்சாதத்தையும் மாமன் சட்டையில் கொட்டினான். நான் பதறினேன். மகன் பதறவில்லை, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, குழந்தையைக் கழுவி, தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டான். மறையூர் வரும்வரை பயல் அங்கேயே தூங்கினான். போன வருஷத்துச் சீர்த்தட்டு எதுவும் சம்பாதிக்காததை அந்தச் சட்டை சம்பாதித்தது.

மறையூரில் அஞ்சுநாட்டுக்காரர்கள் பேசுவது நம் தமிழ்தான். மதுரைச் சீமையிலிருந்து வந்த முன்னோர்கள் என்று சொல்வார்கள். ஊரைச் சுற்றிக் கரும்பு. கொட்டகையில் பாகு காய்ச்சி மரத் தொட்டியில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் சுரண்டி உள்ளங்கையில் உருட்டுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் அது. கொதிக்கிற கொப்பரைப் பக்கம் குழந்தையை விடாதீர்கள். வாசலில் நின்று வாங்குங்கள். வெதுவெதுப்பான துண்டு ஒன்றைப் பேரன் தான் பாதி கடித்து, மீதியை, எச்சிலோடு, மாமன் வாயில் திணித்தான்.

மூணாறு பக்கத்து இரவிகுளம் பூங்கா, வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடியிருக்கும். ஏப்ரலில் போனால் பாறைச் சரிவில் குட்டிகளோடு பார்க்கலாம். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, வனத்துறை பஸ்ஸில் ராஜமலை ஏறினோம். பேரன் ஒரு பார்வை பார்த்து "ஆடு" என்றான், அதோடு சரி. எங்கள் தெருவில் அது நிறைய உண்டு. "அவன் சொல்றது நியாயந்தானே" என்றார் என் வீட்டுக்காரர், டிக்கெட்டைப் பார்த்தபடி. குறிஞ்சி இல்லையே என்று மருமகளுக்குக் குறை. 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

அடுத்த கோடைக்குத் தேக்கடி என்று மகன் இப்போதே சொல்கிறான். படகில் ஏறி யானை பார்க்கலாமாம். 2009 செப்டம்பர் 30-இல் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனது எனக்கு மறக்கவில்லை. இத்தனை சின்னக் குழந்தைக்குப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் உண்டா என்று விசாரி, அப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன். அதைவிட முக்கியம், நடுவில் தீபாவளிக்கு ஒரு நடை வந்து போவது. வீடியோ காலில் மாமன் வந்தால் பயல் போனைத் திருப்பி அதன் முதுகில் ஆளைத் தேடுகிறான். இரண்டு வயதில் ஒரு வருஷம் என்பது பெரிய காலம். டிக்கெட் போடாவிட்டால் மறுபடியும் மலம்புழாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.