அஞ்சாமல் பேச ஆறு வாரம்



உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்திருக்கும். நடுவராகச் சென்ற இடங்களில் நான் பலமுறை பார்த்த ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேசையின்மேல் மின்மாற்றியின் மாதிரி ஒன்று இருக்கும். அதன் முன்னால் நிற்கும் மாணவர் மடமடவென்று விளக்கம் சொல்வார். நடுவர் இடைமறித்து, "இரண்டாவது சுருளில் ஏன் இத்தனை சுற்று?" என்று கேட்டால் அவர் திகைத்துப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே சுவரோரமாக இன்னொரு மாணவர் நின்றுகொண்டிருப்பார். கம்பியைச் சுற்றியவர் அவர்தான். முதல் சுருள் சூடேறிக் கருகியதும், எண்ணிக்கையை மாற்றி மறுபடி சுற்றியதும் அவர்தான். விடை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தலையைக் குனிந்துகொள்வாரே தவிர, வாய் திறக்கமாட்டார்.

பரிசு யாருக்குப் போகிறது என்பது பெரிய செய்தி அல்ல. தானே செய்து கண்டறிந்த ஒன்றைச் சொல்ல முடியாமல் ஒருவர் நிற்கிறாரே, அதுதான் கவலைக்குரியது. இந்தப் பயம் பிறவிக் குணம் என்றும், அதை மாற்ற முடியாது என்றும் பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீச்சலைப் போல, மிதிவண்டியைப் போல, இதுவும் பழகினால் வரும். பழகுவதற்கு ஆண்டுக்கணக்கும் தேவையில்லை. வாரம் ஒரு பாடவேளையாக ஆறு வாரம் ஒதுக்கினாலே நல்ல தொடக்கம் அமைந்துவிடும். ஒவ்வொரு பள்ளியும் இதை ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

உடலில் நடப்பது என்ன?

உங்கள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைக்கிறார்கள். உடனே நெஞ்சு படபடக்கிறது. நாக்கு வறள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, விரல்கள் சில்லிடுகின்றன. வயிற்றில் ஏதோ புரள்கிறது. இவையெல்லாம் நோயின் அறிகுறிகளா? இல்லை.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் இரண்டு சுரப்பிகள் உள்ளன. அவை அட்ரினல் சுரப்பிகள். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் நரம்புகள் வழியே செய்தி பறக்கிறது. அட்ரினலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து, பெரிய தசைகளுக்குப் போகும் இரத்தம் கூடுகிறது. அதனால்தான் விரல் சில்லிடுகிறது, வயிறு புரள்கிறது. சோறு செரிப்பது இப்போது அவசரமில்லை என்பதால் உமிழ்நீரும் குறைகிறது. எதிரியோடு மோத அல்லது தப்பி ஓட உடல் செய்யும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

புலியைக் கண்டால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். நாற்பது வகுப்புத் தோழர்களைக் கண்டால் இதற்கு வேலையே இல்லை. ஆனால் தன்னை உற்றுப் பார்க்கும் பல கண்களை மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. கோளாறு உங்களிடம் இல்லை. மணி சரியாகத்தான் அடிக்கிறது. அடிக்க வேண்டிய நேரம்தான் தவறு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். படபடப்பு பெரும்பாலும் பேசுவதற்குச் சற்று முன்பும் பேச்சின் முதல் நிமிடத்திலுமே உச்சத்தில் இருக்கும். பிறகு தானே இறங்கத் தொடங்கும். முதல் நிமிடத்திலேயே ஓடிவந்து உட்கார்ந்துவிடுபவர் அந்த இறக்கத்தைப் பார்ப்பதே இல்லை. "மேடை என்றால் படபடப்பு" என்ற பாடத்தை மட்டும் அவருடைய மூளை படித்துக்கொள்கிறது. மூன்று நிமிடம் நின்று பேசி முடிப்பவரின் மூளையோ, "ஒன்றும் ஆகவில்லையே!" என்ற பாடத்தைப் படிக்கிறது. பலமுறை பேசினால் பயம் குறைவதற்குக் காரணம் இதுதான்.

கரப்பான் பூச்சியும் பார்வையாளர்களும்

பார்வையாளர் இருந்தால் நமக்கு ஏன் தடுமாறுகிறது? இதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. 1969இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சயான்சும் அவருடைய துணைவர்களும் கரப்பான் பூச்சிகளை ஓடவிட்டார்கள். கரப்பான் வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஓடும் அல்லவா? முதலில் நேரான பாதை. பாதையோரமாக, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டிகளில் வேறு கரப்பான்களை "பார்வையாளர்களாக" வைத்தார்கள். பார்வையாளர் இருந்தபோது கரப்பான் இன்னும் விரைவாக ஓடியது. அடுத்து, திரும்பிச் செல்லவேண்டிய சிக்கலான பாதை. இப்போது பார்வையாளர் இருந்தால் கூடுதல் நேரம் பிடித்தது!

நன்கு பழகிய எளிய செயலைப் பிறர் முன்னிலை மேம்படுத்தும். பழகாத சிக்கலான செயலைக் கெடுக்கும் என்பது சயான்ஸ் 1965இலேயே கூறிய கருத்து. நாம் கரப்பான்கள் அல்லதான். ஆனாலும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. பேசுவது நமக்குப் பழகாத பாதையாக இருக்கும்வரை கூட்டம் நம்மைத் தடுமாற வைக்கும். பழகிய பாதையாகிவிட்டால் அதே கூட்டம் நமக்கு உற்சாகம் தரும்.

மனிதர்களிடம் நடத்திய ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். நம் நடுக்கம் எல்லாருக்கும் அப்படியே தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாம் நினைக்கும் அளவு தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிப் பேசவைத்த மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்கள் நெஞ்சு அடிப்பது கடைசி வரிசைக்குக் கேட்காது. தைரியமாக இருங்கள்!

பேசாததால் நேர்ந்த இழப்பு

"பேசாவிட்டால் என்ன? அறிவியலுக்கு மூளை போதுமே" என்று சிலர் கேட்கலாம். ஹென்றி கேவண்டிஷின் கதையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக இனம் கண்டவர் அவர். பூமியின் அடர்த்தியை அளந்தவரும் அவரே. மனிதர்களைக் கண்டால் அவ்வளவு கூச்சம். புதியவர் யாராவது பேச வந்தால் விலகிப் போய்விடுவார். வீட்டுப் பணிப்பெண்களுக்குக்கூடச் சீட்டெழுதி வைப்பாராம்.

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதை அவர் 1770களின் தொடக்கத்திலேயே சோதனையால் கண்டுவிட்டார். ஓம் விதியை ஒத்த முடிவையும் 1781இல் எட்டியிருந்தார். ஆனால் அவற்றை வெளியிடவில்லை. கூலும் 1785இலும் ஓம் 1827இலும் அவற்றை உலகுக்குச் சொன்னார்கள். கேவண்டிஷ் இறந்தது 1810இல். அவருடைய மின்னியல் குறிப்புகளை மாக்ஸ்வெல் பதிப்பித்து வெளியிட்டது 1879இல். அவர் வெளியிடாததற்குக் கூச்சம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாலு பேரிடம் கலந்து பேசும் பழக்கம் இருந்திருந்தால் இத்தனை காலம் அவை பெட்டிக்குள் கிடந்திருக்குமா?

இதற்கு நேர்மாறானவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன், புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர், பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. பேசும் திறன் அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்துவிடவில்லை. இளைஞர்கள் கூடி அறிவியல் பேசும் ஒரு சிறு சங்கத்தில் 1816 முதல் சொற்பொழிவாற்றிப் பழகினார். பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். விரைந்து பேசிவிடும் வழக்கம் இருந்ததால், "மெதுவாக" என்று எழுதிய அட்டையைத் தம் முன்னால் வைக்கச் சொன்னார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காக 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளில் 19 வரிசைகளை அவரே நிகழ்த்தினார். மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் பேசியதை இன்றும் உலகம் நூலாகப் படிக்கிறது.

நம் நாட்டில் காந்தியடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ்டர் பட்டம் பெற்றுவந்து பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவர், ஒரு கேள்விகூடக் கேட்க இயலாமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். தன் வரலாற்றில் அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் பேச்சைக் கேட்க இலட்சக்கணக்கானோர் கூடினார்கள்.

பேச்சுப் போட்டி போதாதா?

"எங்கள் பள்ளியில்தான் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோமே!" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். போட்டிகள் நல்லவைதான். ஆனால் அவை ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களுக்கானவை. வகுப்பில் நாற்பது பேர் என்றால் மேடையேறுவது மூன்று பேர். அவர்களிலும் பலர் பிறர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். மனப்பாடம் சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் மீதியெல்லாம் கையைவிட்டுப் போய்விடும். நானும் பத்தாம் வகுப்பில் இப்படி நடுமேடையில் ஒரு சொல் மறந்து நின்றவன்தான். அதன்பின் கல்லூரியில் கருத்தரங்கம் என்றாலே காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தேன். பேச்சுப் போட்டி எனக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது; பேசக் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்று நான் முதலாண்டு மாணவர்களை வாய்மொழித் தேர்வில் பார்க்கிறேன். ஊசலின் அலைவு நேரத்தை மிகச் சரியாக அளந்த மாணவி, "ஏன் சிறிய கோணத்தில் ஆட்டினாய்?" என்று கேட்டால் கண்கலங்குகிறாள். வெளியே போய்த் தோழியிடம் அதே விடையை அழகாகச் சொல்கிறாள்! தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசவேண்டுமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பயத்தையும் ஒரே நேரத்தில் எதிர்த்துப் போராட வேண்டாம். முதலில் தமிழில் பேசிப் பழகட்டும். எந்த மொழிக்கும் அந்தத் துணிவு பின்னால் உதவும்.

ஆறு வாரத் திட்டம்

வகுப்பை எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஐந்து குழுக்களும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒருவர் ஒரு நிமிடம் பேசினால் எட்டு நிமிடத்தில் நாற்பது பேரும் பேசி முடித்துவிடலாம். வேறு செலவு எதுவும் இல்லை.

முதல் வாரம்: வட்டமாக உட்கார்ந்தபடியே, இன்று பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஒன்றைப் பற்றி ஒரு நிமிடம்.

இரண்டாம் வாரம்: எழுந்து நின்று, கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு அது வேலை செய்யும் விதத்தை விளக்குங்கள். லென்சோ, மிதிவண்டி பம்போ, எதுவானாலும் சரி. கைக்கு வேலை இருந்தால் நடுக்கம் குறையும்.

மூன்றாம் வாரம்: குரல். மைதானத்திற்குப் போங்கள். திறந்த வெளியில் 2 மீட்டர் தொலைவில் இருப்பவரைவிட 8 மீட்டர் தொலைவில் இருப்பவருக்கு 16இல் ஒரு பங்கு ஒலிச்செறிவே கிடைக்கும். தொலைவில் நிற்கும் நண்பருக்குக் கத்தாமல், மூச்சை நிறைய இழுத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பெரிய மண்டபத்தில் 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டு ஒலி திரும்ப 10இல் ஒரு பங்கு வினாடி ஆகும். விரைந்து பேசினால் முந்திய அசையின் எதிரொலி அடுத்த அசையின்மேல் விழும். ஆகவே இடைவெளி விட்டுப் பேசுவது கேட்பவருக்குச் செய்யும் உதவி.

நான்காம் வாரம்: கேள்விகள். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும். "எனக்குத் தெரியவில்லை, பார்த்து வந்து சொல்கிறேன்" என்று கூசாமல் சொல்லவும் பழக வேண்டும். விஞ்ஞானிகள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது.

ஐந்தாம் வாரம்: தானே செய்த சோதனை ஒன்றைப் பற்றி மூன்று நிமிடம். ஒரு சிறு அட்டையில் மூன்று குறிப்புகள் மட்டும் இருக்கலாம்.

ஆறாம் வாரம்: அதையே வேறொரு வகுப்பின் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். இதை மட்டும் சிலர் சிலராகப் பிரித்துப் பல வகுப்புகளுக்கு அனுப்பிவிடலாம்.

விதிகள் இரண்டே. கேட்டவர்கள், புரிந்தது ஒன்றையும் புரியாதது ஒன்றையும் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணோ பரிசோ கூடாது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவும் கூடாது.

இதில் புதுமை ஏதுமில்லை. டேல் கார்னகி 1912இல் நியூயார்க்கிலும், ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிபோர்னியாவிலும் தொடங்கிய பயிற்சிகளின் சாரமும் இதுதான்: சிறு குழு, சிறு பேச்சு, அடிக்கடி வாய்ப்பு. நமக்கோ இது இன்னும் பழைய செய்தி. திருக்குறளில் "அவையஞ்சாமை" என்று ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. கற்றதை அவையில் எடுத்துச் சொல்ல அஞ்சினால் கல்வி பயன்படாமல் போகும் என்பதை வள்ளுவர் அன்றே உணர்ந்திருந்தார்.

எல்லாரும் நாவலர்களாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமைதியாக இருப்பது குறையும் அல்ல. தனக்குத் தெரிந்ததைத் தேவைப்படும் இடத்தில் சொல்ல முடிந்தால் போதும். 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், தம் ஊர்க் குளத்தையும் குப்பையையும் ஆராய்ந்த பிள்ளைகள் தம் தாய்மொழியிலேயே ஆய்வை எடுத்துரைக்கிறார்கள். ஊர்க் குளத்து நீர் கெட்டிருப்பதை அளந்து கண்டவர் வாய் மூடி நின்றால் அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு யார் சொல்வது?

எங்கள் துறையில் இப்பயிற்சியை முடித்த ஒரு மாணவரிடம், "பயம் போய்விட்டதா?" என்று கேட்டேன். "போகல சார். ஆனா வந்தா என்ன செய்யணும்னு தெரியுது" என்றார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் பள்ளி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். எட்டு நண்பர்கள், ஒரு மரத்தடி, ஒரு கைக்கடிகாரம் இருந்தால் வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். அடுத்த கண்காட்சியில் கம்பி சுற்றியவரே முன்னால் வந்து நின்று அதைப் பற்றிச் சொல்லட்டும். கேட்பதற்கு நாங்கள் ஆவலாக இருக்கிறோம்.