அறுந்த நரம்போடு போகும் மீன்

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த பிறகுதான் தூண்டில்காரர்களுக்குக் காலம். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரில் பாசனத்துக்கு உரியது காவிரி வழியே போக, மிகுந்தது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும். அந்த மிகைநீர் நின்றதும் மணல் நடுவே அங்கங்கே மடுக்கள் தேங்கும். ஆற்றோடு வந்த மீனும் அவற்றிலேயே தங்கிவிடும். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே மாலை வேளையில் மூங்கில் கழியோடு நிற்பவர்களையும், ரீல் பூட்டிய ராடோடு நிற்பவர்களையும் பார்க்கலாம். பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அந்த வாக்கியம் வந்துவிடும்: "பெரிய உருப்படிங்க, அறுத்துக்கிட்டுப் போயிருச்சு."

கேட்பவரின் இரக்கம் முழுவதும் தூண்டில்காரருக்கே போய்விடுகிறது. முள்ளையும் இரண்டு முழ நரம்பையும் வாயில் சுமந்துகொண்டு போன மீன் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுப் போவது தவறு. இறங்கும் தண்ணீருக்கும் அதில் வாழும் மீனுக்கும் பொருந்தாத கருவியைக் கொண்டுபோனதால்தான் பெரும்பாலும் அப்படி நடக்கிறது. அதற்கான விலையைக் கொடுப்பது மீன்.

விராலையே எடுத்துக்கொள்ளலாம். செவுளை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாத மீன் அது. தலைக்குள் இருக்கும் துணை உறுப்பில் காற்றை நிரப்பிக்கொள்ள அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். மார்க்கெட்டில் விராலை உயிரோடு வைத்து விற்க முடிவது அந்த உறுப்பால்தான். ஆனால் அறுந்த நரம்போடு ஓடும் விராலுக்கு இந்தக் காற்றுத் தேவையே எமனாகிறது. முள் குத்தியதும் அது நேரே ஆகாயத்தாமரை வேருக்குள்ளோ கோரைப் புதருக்குள்ளோ புகும். பின்னால் இழுபடும் நரம்பு வேரில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் போதும், மீனால் மேலே வர முடியாது. தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். குஞ்சு பொரித்திருக்கும் சமயமாக இருந்தால் சேதம் அதோடு நிற்காது. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்க, அடியில் நின்று காவல் காக்கும் பெற்றோரில் ஒன்று போய்விட்டால் அந்தக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகும் அபாயம் கூடும். குஞ்சுக் கூட்டத்தைக் குறிவைத்துத் தவளை பொம்மையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். பசியில்லாத விராலும் குஞ்சைக் காக்கப் பாய்ந்து கடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.

பலமான கருவி என்றவுடன் கடைக்குப் போய்த் தடித்த நரம்பாக வாங்குவது பாதித் தீர்வுதான். சுருளின் மேல் 20 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால் அது சுமார் 9 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். புது நரம்பு, முடிச்சில்லாத நரம்பு என்றால் அந்தக் கணக்கு சரி. சாதாரண முடிச்சு ஒன்றைப் போட்டு இழுத்துவிட்டால் அந்த இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நைலான் தண்ணீரை உறிஞ்சினால் இன்னும் கொஞ்சம் குறையும். மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த சுருள் என்றால் மேலும் குறையும். பாறையிலோ பாலத் தூணிலோ உரசிய கீறல் இருந்தால் அங்கேதான் அறும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ராடும் ரீலும் வாங்குகிறவர், மீனின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி ஒரு முழத்தை மறந்துவிடுகிறார். மீன் அறுப்பது அந்த ஒரு முழத்தில்தான்.

முடிச்சில் கொஞ்சம் நிதானித்தால் போதும். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, தன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைத் திருப்பிக் காதருகே உள்ள வளையத்தில் நுழைத்து இழுப்பது பழக்கமான முறை. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். உலர்ந்த நைலானை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் நைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பின்னல் நரம்பு வழுக்கும் என்பதால் இந்த முடிச்சு அதில் நிற்காமல் உருவிக்கொண்டு வரும். அதற்கு நரம்பை இரட்டையாக மடித்துக் கோத்துப் போடும் பாலோமார் முடிச்சே ஏற்றது. பத்து நிமிடம் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எவருக்கும் கைவந்துவிடும்.

அடுத்தது டிராக். ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை வழுக்கிவிடும்படி ரீலில் இருக்கும் திருகு அது. நைலான் நரம்பு தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அதை வைப்பது பொதுவான வழக்கம். 20 பவுண்டு நரம்பென்றால் 3 கிலோ. இதற்குத் தனிக் கருவி வேண்டாம். ரீலிலிருந்து நேராக வரும் நுனியில் மூன்று லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டு, அது மெல்ல இறங்கும் அளவுக்குத் திருகினால் சரியாக இருக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓடச் சுருளின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். 3 கிலோவுக்கு வைத்தது 6 கிலோவாக நிற்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் தூண்டில்காரர் பதறிப்போய்த் திருகை இன்னும் இறுக்குகிறார்.

காவிரியின் பெரிய மீன் வேட்டை இந்தப் பாடத்தை வேறு வழியில் கற்றது. இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி எச்.எஸ். தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி 1873-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887-இல் இன்னொன்றும் எழுதினார். அவர் கொண்டாடிய மீன் மஹ்சீர். அதற்கு வாயில் பல் கிடையாது. பல் வரிசை தொண்டைக்குள் இருக்கிறது. தாடையின் பலமோ சாதாரண முள்ளை நசுக்கிவிடும். ஆகவே மஹ்சீருக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முள்ளின் கம்பியைத்தான். 1946-இல் மைசூர்ப் பக்கத்துக் காவிரிப் படுகையில் டி வெட் வான் இங்கன் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. காவிரியின் மேற்பகுதியில் பரிசலோட்டிகளும் தூண்டில் கருவியின் ஒரு பகுதியாகவே இருந்தார்கள். மீன் ஓடும் திசையில் பரிசலைச் செலுத்தி, சுருள் காலியாகாமல் காத்தது அவர்களுடைய கை. காவிரியின் கூன்முதுகு மஹ்சீரின் அறிவியல் பெயர் இன்னதென்று 2018-இல்தான் தெளிவானது. அதற்குள் அது அற்றுப்போகும் நிலைக்கு மிக அருகில் வந்துவிட்டிருந்தது. பிறகு பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான அபாய நிலையில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் மோயாற்றில் அது இன்னும் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட மீன் ஒன்று அறுந்த நரம்போடு போனால் அந்த இழப்பு ஒரு தூண்டில்காரரின் வருத்தத்தில் அடங்காது.

உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் பேசும் பாஸ் மீனின் கதையும் இதையே சொல்கிறது. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் 77 ஆண்டுகள் தனிச் சாதனையாக நின்றது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா ஏறக்குறைய அதே எடையுள்ள மீனைப் பிடித்துச் சாதனையைப் பங்கிட்டுக்கொண்டார். குரிதா பயன்படுத்திய நரம்பு 25 பவுண்டு. மீனின் எடையைக் காட்டிலும் பலமான நரம்பு அது.

"மெல்லிய நரம்பில் பெரிய மீனைக் கரை சேர்ப்பதுதானே திறமை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. தண்ணீருக்குள் மீனின் எடை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. நரம்பை அறுப்பது அதன் பாய்ச்சலும் ஆற்றின் இழுப்பும்தான். தடையில்லாத திறந்த நீரில் 4 கிலோ தாங்கும் நரம்பில் 5 கிலோ கட்லாவைப் பொறுமையாக விட்டுப் பிடிக்கலாம். ஆனால் முக்கொம்புக்குக் கீழே கல் கிடக்கிறது. வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் பழைய கான்கிரீட்டும் கம்பியும் கிடக்கின்றன. அங்கே மீனை ஓடவிட இடமே இல்லை. அதோடு, அரை மணி நேரம் போராடிக் களைத்த மீனைத் திருப்பி விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பலமான கருவி போராட்டத்தைச் சுருக்குகிறது. வேண்டாத மீனைத் தெம்போடு திருப்பி அனுப்ப வழி செய்கிறது.

ஆகவே தண்ணீரையும் மீனையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கோரையிலும் தாமரையிலும் விராலுக்கு நிற்பவருக்குத் தடித்த பின்னல் நரம்பும், விறைப்பான ராடும், வளையாத முள்ளும் வேண்டும். ஓடவிடாமல் முதல் இழுப்பிலேயே வெளியே கொண்டுவர வேண்டிய இடம் அது. ஆற்று வாளைக்கு வாய் நிறையப் பொடிப் பற்கள் உண்டு. அவை நரம்பை அரம்போல் அராவிவிடும். முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் தடித்த நரம்போ எஃகுக் கம்பியோ இல்லாமல் வாளைக்குத் தூண்டில் போடக் கூடாது. அதுவும் உலக அளவில் அருகிவரும் மீன் என்பதால் திருப்பி விடுவதே முறை. மாவு உருண்டையில் கட்லாவுக்குக் காத்திருப்பவர் நரம்பின் தடிமனைவிடச் சுருளின் நீளத்தையும் சீராக வழுக்கும் டிராக்கையும் பார்க்கலாம். இதே கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றுப் பக்கம் கொடுவாவுக்குப் போகிறவர்கள் அதன் செவுள் மூடியின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். விரலையே கிழிக்கும் கூர்மை அதற்கு.

இதில் கடைக்காரர்களுக்கும் பங்கிருக்கிறது. முதன்முறை தூண்டில் வாங்க வரும் பையனிடம் எங்கே போடப் போகிறாய், என்ன மீனுக்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நரம்பை எடுத்துக் கொடுத்தால் பாதி மீன் பிழைக்கும். மீன்வளத் துறையும் நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும் வளர்ப்புக் குளங்களுக்குப் பயிற்சி நடத்துவதைப் போல ஆற்றுத் தூண்டில்காரர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். முடிச்சு, டிராக், மீனை ஈரக் கையால் பிடித்து விடுவது என மூன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பெரிய காரியம்.

அறுந்த நரம்பு மீனோடு மட்டும் போவதில்லை. கல்லில் மாட்டி அறுந்தது கரையில் கிடந்து கொக்கின் காலைச் சுற்றுகிறது. முள்ளோ மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்தின் காவிரிக் கரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறையில் பெண்களும் குழந்தைகளும் வெறுங்காலோடுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். அந்தப் படித்துறைக்கு இருபுறமும் தூண்டில் போடக் கூடாத தூரத்தை மாநகராட்சி அளந்து பலகை வைக்க வேண்டும். முக்கொம்பிலும் கொள்ளிடக் கரையிலும் அறுந்த நரம்பைப் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம் படித்துறையைத் துப்புரவு செய்யும்போது ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி அடிமணலில் இழுத்தால் புதைந்த முட்களும் வந்துவிடும். அந்த வேலைக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் கொள்ளிடக் கரைத் தூண்டில்காரர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். முள் எங்கெங்கே மாட்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.