ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்

சகோதரிகளே, வீட்டில் நாலு சவரன் இருந்தாலும் நாம் அதை ஒரே இடத்தில் வைப்பதில்லை. கழுத்தில் கொஞ்சம், பீரோவில் கொஞ்சம், பேங்க் லாக்கரில் கொஞ்சம் என்று பிரித்து வைப்போம். ஆனால் குழந்தைகளின் போட்டோக்களை? எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, "பத்திரமா இருக்கு" என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். நானும் அப்படித் தூங்கியவள்தான்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் எர்ணாவூருக்குள் வெள்ளம் வந்தது. வெறும் மழைத் தண்ணீர் இல்லை. எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து, சுவரெல்லாம் கறுப்புப் பிசுக்கு. அவசரத்தில் அரிசியைப் பரணில் ஏற்றினேன். ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். மேஜைக்கு அடியில் தரையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் மறந்தே போனேன்.

அதற்குள் பத்து வருஷப் போட்டோக்கள் இருந்தன. பெரியவளின் காதுகுத்து, சின்னவன் முதலில் தவழ்ந்தது, எல்லாம். போனில் இடமில்லை என்று அதில் மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டோம். எல்லாவற்றையும்விட, 2019-இல் காலமான என் மாமனாரின் குரல் அதில் இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் கதை சொன்னதைப் பதிவு செய்து வைத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் துடைத்தேன். இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சுவிட்சைப் போட்டேன். 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ரிப்பேர்க் கடை ஒன்றில் கொடுத்தோம். அவர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக் கையை விரித்தார்கள். கடைசியில் இந்த வேலையை மட்டுமே செய்கிற ஒருவரிடம் போனோம். "அம்மா, ஈரத்தோடவே கொண்டாந்திருந்தா இன்னும் நெறைய எடுத்திருக்கலாமே!" என்றார். எனக்குச் சுரீர் என்றது. பாதிப் போட்டோக்கள்தான் கிடைத்தன. மாமனாரின் குரல் கிடைக்கவில்லை.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் பழைய இசைத்தட்டு மாதிரி பளபளப்பான தட்டுகள் இருக்கின்றன. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். ஆனால் இசைத்தட்டில் ஊசி உரசுகிற மாதிரி இங்கே உரசக்கூடாது. படிக்கிற முனை தட்டுக்கு மேலே மிதந்துகொண்டே போகும். நடுவிலுள்ள இடைவெளி, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது! அந்தச் சந்தில் பிசுக்கோ, உப்போ, தூசியோ இருக்கும்போது ஓடவிட்டால் தட்டு கீறிவிடும். கீறின இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

ஆகவே கவனியுங்கள்:

1. ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" வேண்டாம்.

2. தண்ணீரில் நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் மெஷினைக் காட்டாதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். காய்ந்தால் அழுக்கு தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியுடன் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, சீக்கிரம் கொண்டுபோங்கள்.

3. வீட்டில் திருகைக் கழற்றித் திறக்கவே கூடாது. ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்பதையும் நம்பாதீர்கள்.

4. கை தவறி அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். அழித்தவை உடனே மறைவதில்லை. மேலே வேறு எழுதினால்தான் போகும். (புது மாதிரி எஸ்.எஸ்.டி.யில் இது பொருந்தாது. அதில் சீக்கிரமே துடைத்துவிடும்.)

5. மீட்டுத் தருபவரிடம் செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

மாமனாரின் குரல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதை நினைத்து நான் அழுதுகொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அப்பா கதை சொல்றத எப்பவோ நீங்கதானே எனக்கு அனுப்பினீங்க? என் பழைய போன்ல இருக்கு!" நான் மறந்தே போயிருந்தேன். அன்று மாலை எங்கள் வீட்டில் அந்தக் குரல் மறுபடி கேட்டது. என் கணவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

பெரிய கம்பெனிகளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல், 'டாய் ஸ்டோரி 2' கார்ட்டூன் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகப் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். எடுத்து வைத்த பிரதியும் சரியாக இல்லை. அங்கே வேலை பார்த்த கேலின் சுஸ்மன், பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. கைக்குழந்தைக்காரியின் வீட்டில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது!

வல்லுநர்கள் சொல்கிற கணக்கு 3-2-1. மொத்தம் மூன்று பிரதி. அவை இரண்டு விதமான சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். எங்கள் வீட்டில் இப்போது கம்ப்யூட்டரில் ஒன்று, கூகுளில் ஒன்று, அம்மா வீட்டுப் பீரோவில் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று.

கூகுளில் இலவசம் 15 ஜி.பி. வரைதான், மெயிலும் அதில் சேர்த்தி. இரண்டு வருஷம் தொடாத கணக்கை நீக்கிவிடக்கூடும் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். போனிலும் கூகுளிலும் ஒன்றாக இணைந்திருக்கும் போட்டோவை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். எனவே அதை மட்டும் நம்பாதீர்கள். பென் டிரைவ் எடுத்துப் போக வசதி. வருஷக்கணக்கில் பூட்டி வைக்க ஏற்றதல்ல. மனசுக்கு நெருக்கமான இருபது முப்பது படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். காகிதமும் ஒரு பிரதிதானே!

அமாவாசைக்கு அமாவாசை வீடு கழுவுகிறோம். அன்றைக்கே அந்த மாதப் போட்டோக்களையும் பிரதி எடுத்துவிடுவது இப்போது என் வழக்கம். எடுத்ததோடு விடாமல், இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்துவிடுவேன். ஊறுகாய் ஜாடியை அவ்வப்போது திறந்து பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். கம்ப்யூட்டர் பெட்டியும் இப்போது தரையில் இல்லை. மேஜை மேல் ஏறிவிட்டது.

இன்றைக்கே ஒரு நல்ல படத்தை உங்கள் நாத்தனாருக்கு அனுப்பி வையுங்கள். உறவும் நிலைக்கும், படமும் நிலைக்கும்.