பிணியுற்றோர் வாய்மொழி

பிணியுற்றோரைச் சென்று காண்பதை, ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். இக்கடமையில் நம் ஊரார் குறை வைப்பதில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பழப்பையுடன் மருத்துவமனை வாயிலில் நிற்போரை எங்கும் காணலாம். ஆயினும் உள்ளே நிகழ்வது யாது? கட்டிலைச் சூழ்ந்தோர் பேசுகின்றனர். கட்டிலிற் கிடப்பவர் கேட்கின்றார். ஒருவர் தம் மைத்துனருக்கு இதே நோய் வந்த வரலாற்றை விரிப்பார். இன்னொருவர் பத்தியம் உரைப்பார். மூத்தவர் ஒருவர் "சபுர் செய்யுங்கள்" எனக் கூறித் துஆ ஓதி விடைபெறுவார். நோயுற்றவர் தம் நோயைக் குறித்து என்ன எண்ணுகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று வினவியவர் அக்கூட்டத்தில் பெரும்பாலும் இரார்.

மருத்துவரும் நிறையக் கேட்பதற்கில்லை. புறநோயாளர் வரிசை அவருக்கு அவகாசம் தருவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே மருத்துவமனைச் சமூகப்பணி என்னும் துறை தோன்றியது. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895இல் மேரி ஸ்டூவர்ட் அம்மையார் இப்பணியைத் தொடங்கினார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1905இல் மருத்துவர் ரிச்சர்டு கேபட் இதனை நிறுவினார். இந்தியாவில் 1946இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இது கால்கொண்டது. மருந்துக்குப் பணம், வீட்டுக்குப் பேருந்துச் செலவு, குடும்பத்தாரின் ஒத்துழைப்பு ஆகியவற்றைத் தேடித் தருவதே இப்பணியாளர் தொழில் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அவை வேண்டியனவே. ஆனால் அத்துறையிலிருந்தே எழுந்த ஒரு முறை தமிழ்த்துறை மாணாக்கரின் கவனத்திற்கு உரியது. எடுத்துரைப்பியல் என்று வகுப்பில் நாம் பயில்வதைப் பிணியாளர் கட்டிலருகே கொண்டுசென்ற முறை அது.

எடுத்துரைப்புவழிச் சிகிச்சை என இதனைக் குறிக்கலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் சமூகப்பணியாளராய் இருந்த மைக்கேல் ஒயிட்டும், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் இதனை உருவாக்கினர். இருவரும் இணைந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. உடையிலேயே மலங்கழித்துவிடும் சிறுவரைப் பெற்றோர் ஒயிட்டிடம் அழைத்து வருவர். வீட்டில் அடியும் ஏச்சும் பட்டு, 'அழுக்குப் பிள்ளை' என்று பெயரெடுத்த பிள்ளைகள். அவரோ அச்சிக்கலுக்கு ஒரு குறும்புப் பெயர் சூட்டி, அது எந்நேரம் பதுங்கி வருகிறது, யாரை அழ வைக்கிறது, எந்த நாளில் நீ அதனை ஏமாற்றினாய் என்று பிள்ளையிடமே கேட்பார். அதுவரை பெற்றோர் பிள்ளையை எதிர்த்து நின்றனர். இப்போது பெற்றோரும் பிள்ளையும் ஓரணியாகிச் சிக்கலை எதிர்க்கின்றனர். சிக்கலை ஆளிடமிருந்து பிரித்துப் புறத்தே நிறுத்துவதும், அது தோற்ற தருணங்களைத் தேடியெடுத்து மற்றொரு கதையாகக் கோப்பதுமே இம்முறையின் உயிர்நிலை.

தமிழுக்கு இது முற்றிலும் புதிதன்று என்பது நம் துணிபு. 'காய்ச்சல் அடிக்கிறது', 'தலைவலி வந்தது', 'காய்ச்சல் விட்டது' என்கிறோம். இங்கே நோயே எழுவாய்; மனிதர் 'எனக்கு' என நான்காம் வேற்றுமை ஏற்றுச் சற்றுத் தள்ளி நிற்கிறார். வந்தது போகும் என்னும் நம்பிக்கை அவ்வாக்கியத்திலேயே அடங்கியுள்ளது. நாட்பட்ட நோய் என்றாலோ நம் இலக்கணம் மாறிவிடுகிறது. சர்க்கரைக்காரர், வலிப்புக்காரர், பைத்தியம் என நோயே ஆளாகிவிடுகிறது. மருத்துவமனை வார்டில் அதுவுமின்றிப் 'பதினாறாம் பெட்' ஆகிறது. (நோயாளி என்னும் சொல்லை முதலாளி என்பதுபோலப் பிரித்து, நோயை ஆள்பவர் என்று பொருள் கொள்ள ஆசைதான், வழக்கு அதற்கு இடந்தரவில்லை.)

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 1990களில் எய்ட்ஸ் பரவியபோது, சுகாதாரப் பணியாளர்கள் இம்முறையை ஊர்க்கூட்டத்திற்கே எடுத்துச் சென்றனர். ஒருவர் எய்ட்ஸாக வேடமேற்பார். மற்றொருவர் பராமரிப்பாக வேடமேற்பார். ஊரார் இருவரையும் வினவுவர். உன் வலிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உங்கள் மௌனமும் வெட்கமும் ஒதுக்குதலுமே எனக்கு உணவு என்னும் பொருள்பட எய்ட்ஸ் விடையிறுக்கும். நோயுற்றவரைக் குற்றவாளியாக்காமல் நோயைக் கூண்டிலேற்றிய ஏற்பாடு இது.

நமக்கு நெருக்கமான ஓரிடத்தை இங்கே நினையாதிருக்க இயலவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். சங்கிலியிட்டவரிடம் யாரும் கதை கேட்பதில்லை. அவரைப் பற்றிய கதையைப் பிறரே முடித்துவிட்டனர். பிற்காலத்தில் அங்கே மருந்தும் துஆவும் இணைந்து நடைபெற ஏற்பாடு செய்யப்பட்டது பாராட்டத்தக்கது.

ஜின் பிடித்தது என்பதும் சிக்கலைப் புறத்தே நிறுத்துவதுதானே என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. வேறுபாடு எங்கே எனில், அக்கதையில் பிடித்ததும் வேறொன்று, விரட்டுபவரும் வேறொருவர்; நோயுற்றவர் இருவருக்கும் இடையிலான களமாகிறார். எடுத்துரைப்பு முறையிலோ அவரே கதைத்தலைவர். அந்தக் குரல் உம்மை என்ன செய்யத் தூண்டியது, நீர் இணங்காத பொழுது எது என்று கேட்பவர், அவருடைய நம்பிக்கையைப் பழிப்பதில்லை. அவருடைய வலிமையையும் பிறர் கையிற் கொடுப்பதில்லை. மனநல மருந்து நிறுத்தப்படாமலிருத்தல் இதற்கு முன்நிபந்தனை.

சபுர் என்றால் வாய்மூடியிருத்தல் என்று நாம் பொருள் கொண்டதும் பிழையே. பொறுமைக்கு இலக்கணமாகப் போற்றப்படும் அய்யூப் நபி (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் சொல்லாமல் இருந்தாரல்லர். சொல்லினார், அது ஏற்கவும் பட்டது. முனாஜாத்து என்றொரு இலக்கிய வகையையே வளர்த்த சமுதாயம், தன் வீட்டுப் பிணியாளரின் முறையீட்டைக் கேட்கக் கூசுவது ஏனோ?

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியே ஆக வேண்டும். பழுதுற்ற சிறுநீரகத்தைக் கதை சுத்திகரிக்காது. மருந்துகளுக்கு நிகழ்வதுபோன்ற பேராய்வுகளும் இம்முறைக்கு மிகுதியாக இல்லை. திரையில்லாத வார்டில் பேசுவது பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும். கேட்டதை ஊரில் பரப்புவோர் அமானிதத்தை முறித்தோராவர். அத்தகையோர் இப்பணிக்கு வாராதிருத்தலே உதவி. வறுமையால் வந்த துயரை வெறும் பேச்சாற் போக்கிவிடலாம் என்று நிர்வாகத்தினர் எண்ணிவிடும் இடரும் உண்டு.

இவ்வளவும் தெரிந்தே ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். எப்ஸ்டன் ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் வந்தவருக்கு, அவர்தம் சொற்களைக் கொண்டே கடிதம் எழுதுவார். அக்கடிதத்தைப் பல அமர்வுகளுக்கு ஈடாகப் பெற்றோர் கருதினர். கேஸ் ஷீட் மருத்துவமனைக்குச் சொந்தம்; கடிதம் பிணியாளருக்குச் சொந்தம். நம் தமிழ்த்துறை மாணாக்கருள் விருப்பமுள்ள சிலர், அரசு மருத்துவமனைச் சமூகப்பணியாளரின் மேற்பார்வையில் முறையாகப் பயின்று, எழுதப் படிக்க இயலாத பிணியாளர்க்கு இத்தகைய கடிதம் எழுதித் தரலாம். செய்யுள் நலம் பாராட்டி எழுதும் கை, ஒரு தாயின் பேச்சு வழக்கை மாற்றாமல் எழுதவும் பழக வேண்டும். அறிவுரை ஒரு வரியும் அதில் வேண்டா. எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்னும் சொல்லை அடித்துவிட்டு, தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். படி எடுத்து வைத்துக்கொள்ளலாகாது. முதலாண்டில் பத்துக் கடிதங்கள் எழுதப்பட்டாலும் போதும்.